ஜன்னல் வழியாக வந்த பெயர்

மனித குலத்தின் ஆயுளை நீட்டியவர்கள் என்று உலகத்தில் மூன்றே பேரைத்தான் சொல்ல முடியும். அம்மைக்கு ஊசி கண்டுபிடித்தவர் ஒருவர். சோப்புக் கட்டியைக் கண்டுபிடித்தவர் ஒருவர். மூன்றாமவர், சாரி-மொய்னோக் கிராமத்துக் கம்பவுண்டர் துய்ஷோன். இந்த வரிசையைத் தயாரித்தவர் துய்ஷோனேதான். அடக்கம் கருதித் தன் பெயரைக் கடைசியில் வைத்திருந்தார்.

சத்தாரின் மளிகைக் கடை வாசலில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. ஏனென்றால் அதில் பாதி உண்மை. அவர் வேலைக்கு வருவதற்கு முன்பு மலைச்சரிவு இடுகாட்டில் பெரிய குழிகளும் சின்னக் குழிகளும் ஏறக்குறைய சரிசமமாக இருந்தன. அவர் வந்த பிறகு சின்னக் குழி வெட்டுவது அபூர்வமாயிற்று. ஊரில் முப்பது வயதுக்குக் கீழே நடமாடும் யாரை எடுத்துக்கொண்டாலும், அவர்களுடைய பிட்டத்தில் துய்ஷோன் ஒருமுறையாவது ஊசி குத்தியிருப்பார். இந்தச் சேவைக்கு ஊர் செய்த பதில் மரியாதை என்னவென்றால், அத்தனை புகழையும் மொத்தமாக எடுத்து ஒரு பெயருக்குக் கொடுத்துவிட்டது.

துர்சுன் என்பது அந்தப் பெயர். அந்த ஊர் மொழியில் இருக்கட்டும் என்று பொருள். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்கு வைப்பது. சரியாகச் சொன்னால் அது பெயர்கூட அல்ல, உத்தரவு. உட்கார் என்று சொன்னால் ஆணும் உட்காருவான், பெண்ணும் உட்காருவாள், நாய்கூட உட்காரும். அதனால் பையனுக்கும் அதே பெயர், பெண்ணுக்கும் அதே பெயர். இதில் ஒரு தந்திரமும் உண்டு. பிறந்த நாற்பது நாளைக்குப் பிள்ளை ஆணா பெண்ணா என்று வெளியில் சொல்லக்கூடாது. தேடி வருகிற சாவு, அடையாளம் தெரியாமல் குழம்பித் திரும்பிப் போகும்.

பெயர் வைத்தால் மட்டும் போதாது. பிள்ளையை விற்கவும் வேண்டும். பெற்றவள் பிள்ளையை வாசல் வழியாக அல்லாமல் ஜன்னல் வழியாக வெளியே நீட்டுவாள். பெற்ற பிள்ளைகளில் ஒன்றைக்கூடப் பறிகொடுக்காத ஒருத்தி வெளியே நின்று அதை வாங்கிக்கொள்வாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, தன் பிள்ளையை விற்க வந்தவள்போலப் பேரம் பேசுவாள். வீட்டுப் பெரியவர், பிள்ளை மட்டம், சொத்தை என்று குறைசொல்லி, ஒரு தட்டுத் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வார். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை அந்த வீட்டில் பிறந்தது இல்லை, விலைக்கு வந்தது. அந்த வீட்டுப் பிள்ளையைத் தேடி வருகிற சாவுக்கு இங்கே வேலை கிடையாது.

சாரி-மொய்னோக்கில் இந்தப் பெயர் பெருகியதற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் துய்ஷோன். இன்னொருவர் பூருல்.

பூருல் அவருடன் ஒரே பெஞ்சில் படித்தவள். கணக்கில் அவரைப் பார்த்து எழுதுவாள். அவர் அவளைப் பார்த்து எழுதினார் என்பது அவள் கட்சி. அவள் பெயரும் ஓர் உத்தரவுதான். திரும்பு என்று பொருள். வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால் கடைசிப் பெண்ணுக்கு வைப்பது, அடுத்தது பையனாகத் திரும்பி வரட்டும் என்று. அப்படியே வந்தது. கல்யாணமாகி அவள் பத்துப் பெற்றாள். பத்தும் தங்கின. பாலாடையும் வெண்ணெயும் எடுத்து விற்பாள். வாய் மட்டும் விலையில்லாமல் கிடைக்கும்.

துய்ஷோன் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், கணவாய்ப் பாதை பனியில் அடைபட்டுக் கிடந்தபோது, ஆட்டுக்கார அசானின் கைக்குழந்தைக்கு நெஞ்சுச் சளி முற்றி மூச்சு இழுத்துக்கொண்டது. அதற்கு முன் அந்த வீட்டில் இரண்டு போயிருந்தன. துய்ஷோன் அடுப்படியிலேயே படுத்துக் கிடந்து, வேளை தவறாமல் பென்சிலின் போட்டார். நடுவில் ஒரு மத்தியானம் பெண்கள் ஜன்னலைத் திறந்து பிள்ளையைப் பூருலிடம் நீட்டி, தவிட்டுக்கு வாங்கி, துர்சுன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சளிப் பிள்ளையைப் பனியில் நீட்டுகிறீர்களே என்று அவர் போட்ட சத்தத்தை யாரும் காதில் வாங்கவில்லை. பிள்ளை பிழைத்தது. அசான் பூருலுக்கு ஒரு பட்டுத் தலைத்துணியும், பெரிய விருந்தாளிக்கு மட்டும் வைக்கும் ஆட்டு வால்கொழுப்பும் கொடுத்தார். துய்ஷோனுக்கு ஒரு கோப்பைத் தேநீர் கிடைத்தது. ஆறியிருந்தது.

அன்றிலிருந்து அவருடைய விதி அதுவாகிவிட்டது. அவர் காப்பாற்றும் பிள்ளை ஒவ்வொன்றும் துர்சுன் ஆயிற்று. அவர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாரோ அவ்வளவு வேகமாகப் பெயர் பரவியது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை துர்சுன் என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு எழுந்து நிற்கும். பின்னல் போட்டதும் நிற்கும், மொட்டை அடித்ததும் நிற்கும். பிள்ளை சாகாத வீட்டுக்காரர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று வைக்க ஆரம்பித்தார்கள். கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்கும் அது போயிற்று.

தடுப்பூசி நாளில்தான் இதன் முழு அழகையும் பார்க்க முடியும்.

"துர்சுன்," என்று துய்ஷோன் கதவிலிருந்து கூப்பிடுவார்.

நாலு தாய்மார் எழுந்து வருவார்கள்.

"எந்த துர்சுன்?"

"என் துர்சுன்தான் டாக்டரே."

"எல்லாரும் என் துர்சுன்னா நான் எவனுக்குப் போடுறது? போன மாசம் ஒரு துர்சுனுக்கு ரெண்டு தடவை போட்டுட்டேன், இன்னொண்ணுக்குப் போடவே இல்ல."

"பரவால்ல டாக்டரே. ஒரே பேருதான. எல்லாத்துக்கும் சேந்துடும்."

கடைவாசலில் இதை நடித்துக் காட்டுவார். ஊரே சிரிக்கும். "மருந்து கொடுத்தவனுக்கு ஆறின தேநீர். பொய் சொன்னவளுக்குப் பட்டுத் தலைத்துணி. இந்த நாட்டுல ஒரு ஊசி மருந்துக்குப் பேரு வெக்கணும்னா அதுக்கும் துர்சுன்னுதான் வெப்பானுங்க," என்பார். சிரித்த அதே ஆள் அடுத்த வாரம் பூருல் வீட்டுக்குத் தலைத்துணி எடுத்துக்கொண்டு போவான்.

ஒருமுறை மாவட்டத்துக்கு எழுதிப் போட்டார். மூடநம்பிக்கையால் சிசுக்களைக் குளிரில் வெளியே நீட்டுகிறார்கள், தடுக்க வேண்டும் என்று. விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அம்மையாரின் பெயர் துர்சுன். பூருல் வீட்டில் தேநீரும் பாலாடையும் சாப்பிட்டு, நம் மூதாதையர் வழக்கம் இங்கே நன்றாகப் பேணப்படுகிறது என்று கண்கலங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் துய்ஷோன் ஜன்னல்களின் பக்கம் திரும்பினார். ஊர் ஆஸ்பத்திரியைப் புதுப்பிக்கப் பணம் வந்தபோது, மர ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தார். மேல்பக்கம் மட்டும் ஒரு சாண் சாயும். பெரிய கதவு அசையாதபடி நான்கு பக்கமும் திருகாணி. தன் வீட்டிலும் அதையே போட்டார்.

"பூனைகூட நுழையாது," என்று கடைவாசலில் அறிவித்தார். "இனிமே என் வீட்டுக்குச் சாவு வரணும்னா வாசல் வழியாத்தான் வரணும். வரட்டும். நான் பாத்துக்கிறேன்."

வாசல் வழியாகத்தான் வந்தது.

அவர் மகன் மக்சாத் மாவட்டத் தலைநகருக்கு வேன் ஓட்டுகிறவன். அவன் மனைவி அய்பரா அதிகம் பேசாத பெண். முதல் பிள்ளை பையன். துய்ஷோன் அவனுக்குத் தெமிர் என்று பெயர் வைத்தார். இரும்பு. நல்ல எடை, நல்ல அழுகை. இரண்டாம் மாதம் ஒரு காலையில் தொட்டிலில் குளிர்ந்து கிடந்தான். அடுத்தது பெண். அல்தினாய், தங்க நிலா. அவளும் அதே மாதிரி, கொஞ்சம் முன்னதாகவே. பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய்க் கேட்டார்கள். அங்கே மூன்று வார்த்தை சொன்னார்கள். மூன்றும் லத்தீன். துய்ஷோனுக்கு லத்தீன் தெரியும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பொருள்தான், எங்களுக்குத் தெரியவில்லை.

ஊர் துக்கத்துக்கு வந்தது. அழுதது. பெயரைப் பற்றி வாய் திறக்கவில்லை. சத்தார் மட்டும், மாவு நிறுத்துக்கொண்டே, "பேருன்னு பாத்தா ரெண்டும் நல்ல பேருதான்," என்றான்.

துய்ஷோன் கடைவாசலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். போனபோதும், உலகின் மூன்று மனிதர்களைப் பற்றிய பேச்சு எழவில்லை.

மூன்றாவது பிள்ளை பனி உருகும் சமயத்தில் பிறந்தது. அது ஆணா பெண்ணா என்று வீட்டில் யாரும் வெளியே சொல்லவில்லை, இந்தக் கதையும் சொல்லப்போவதில்லை. துய்ஷோன் தினமும் நாலு முறை நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். எடை பார்த்தார். நகத்தின் நிறம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. தெமிருக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அய்பரா பிள்ளையைத் தொட்டிலில் போட மறுத்தாள். மடியிலேயே வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். தலை தொங்கினால் திடுக்கிட்டு விழித்து, பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். கண்ணைச் சுற்றிக் கறுத்துவிட்டது. பால் குறைந்துகொண்டு வந்தது. அதுதான் துய்ஷோனைப் பயமுறுத்தியது. பிள்ளைக்கு நோய் இல்லை. ஆனால் இப்படியே போனால் பெற்றவளின் பயமே பிள்ளைக்கு நோயாகிவிடும் என்று அவர் படித்த படிப்பு சொன்னது. அதற்கு என்ன மருந்து என்று அந்தப் படிப்பு சொல்லவில்லை.

"பேரு வெக்கணும்," என்றார் சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்து. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார், சாதாரணமாக இருக்கட்டும் என்று. "நல்லதா ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன்."

அவர் மனைவி அனார் தேநீர் ஊற்றுவதை நிறுத்தினாள். மக்சாத் தட்டைப் பார்த்தான். அய்பரா தலை நிமிர்ந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"மாமா, நீங்க வெச்ச பேரு ரெண்டும் நல்ல பேருதான். மேட்டுல கல்லுல எழுதியிருக்கு. பாக்கவும் நல்லாத்தான் இருக்கு. இதுக்கும் அப்படி ஒரு நல்ல பேரு வேணாம் மாமா."

பிறகு அனார், பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறவள், போகிறபோக்கில் சொன்னாள்:

"நானும் அவளும் பூருல்கிட்ட போயிட்டு வந்துட்டோம். உனக்குத் தெரியாம. போன வாரமே."

"என்ன சொன்னா?"

"முடியாதுன்னுட்டா. ரெண்டு தடவை போய்க் கேட்டேன். டாக்டரு வந்து கேக்கட்டும்கிறா."

"பழி வாங்குறா."

"வாங்கட்டுமே. உன்கிட்ட பாக்கி இருக்குல்ல, குடுத்துட்டு வா."

மறுநாள் முற்பகல் துய்ஷோன் மருத்துவப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார், யாராவது பார்த்தால் யாருக்கோ ஊசி போடப் போவதாக இருக்கட்டும் என்று. பூருல் முற்றத்தில் உட்கார்ந்து, பாலாடை பிரிக்கும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு குழாயில் பால், இன்னொன்றில் ஆடை. கணவன் இறந்த பிறகு அவளைத் தவிர வீட்டில் யாரும் இல்லை. ஊர்க் கணக்குப்படி பத்துப் பிள்ளைகளும் ரஷ்யாவில் ஆளுக்கொரு ஊரில் தரை துடைத்துக்கொண்டும், செங்கல் சுமந்துகொண்டும், வண்டி ஓட்டிக்கொண்டும் இருந்தார்கள். தங்கின பிள்ளைகள் எல்லாம் தங்கின இடம் அதுதான்.

"வாங்க டாக்டரு," என்றாள் நிமிராமல். "யாருக்கு ஊசி?"

"ஒருத்தருக்கும் இல்ல."

"அப்ப வெண்ணெய் வாங்க வந்தியா?"

"பூருல், நான் எதுக்கு வந்தேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். உன் வாயால கேக்கணும்னு ஆசை. முப்பது வருஷம் காத்திருக்கேன்ல."

அவர் நின்றார். கோழி ஒன்று அவர் பூட்சைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"எங்க வீட்டுப் பிள்ளைய ஜன்னல் வழியா வாங்கிக்கணும். நீ."

"உங்க வீட்டுல ஜன்னல் இருக்கா? பூனைகூட நுழையாதுன்னு கேள்விப்பட்டேன்."

"கழட்டுறேன்."

"மாவட்டத்துல இருந்து துர்சுன் அம்மா வந்து என்னைப் புடிச்சிக்கிட்டுப் போக மாட்டாங்களே?"

"பேசி முடிச்சுட்டியா?"

"இன்னும் இருக்கு. ஆனா அதெல்லாம் ஆசைக்கு வெச்சிருந்தது." கைப்பிடி நின்றது. "முடியாது துய்ஷோன்."

"சொன்னதெல்லாம் தப்புதான். கடைவாசல்ல வேணா வந்து சொல்றேன், எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

"அதுக்கில்ல. கழுதை, நீ சொன்னதுக்கா நான் கோவிச்சுக்குவேன்? நீ கத்தக் கத்தத்தான் எனக்கு வியாபாரமே." அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "அனார்கிட்ட சொல்ல முடியல. அதான் உன்னை வரச் சொன்னேன். மிர்லான் போயிட்டான்."

மிர்லான் அவள் கடைசிப் பையன்.

"எங்க போயிட்டான்?" என்று கேட்டுவிட்டார். கேட்டு முடித்ததும் புரிந்தது.

"மாஸ்கோ பக்கம் கட்டடத்துல. சாரத்துல இருந்து விழுந்துட்டான். இலையுதிர் காலத்துல. உடம்பை இங்க கொண்டாரல, அங்கயே மண்ணு போட்டுட்டாங்க. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"கொண்டாந்தா ஊருக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன?"

பூருல் அவரை, படிக்காதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இந்த ஊர்ல இருக்குற துர்சுன் எல்லாம் என் கையால வாங்குனது. கணவாய்க்கு அந்தாண்டையும் இருக்கு. புள்ளையப் பறிகுடுக்காத கைன்னு நம்பிக் குடுத்தாங்க. இப்ப அந்தக் கையே பறிகுடுத்துடுச்சுன்னு தெரிஞ்சா, அத்தனை வீட்டுலயும் பெத்தவ எழுந்திரிச்சு மூக்குல விரல் வெச்சுப் பாப்பா. உன் மருமக பண்றாளே, அந்த மாதிரி. ஒருத்திக்குப் பைத்தியம் புடிச்சா போதாதா?"

வழக்கப்படி சாவு வீட்டுக்குள் நுழைகிறவர் தெருவிலிருந்தே பெயர் சொல்லிக் கதறிக்கொண்டு வர வேண்டும். வீட்டுப் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடுவார்கள். கறுப்புத் தலைத்துணி கட்டுவார்கள். குதிரை வெட்டி ஊரைக் கூட்டுவார்கள். மிர்லானுக்கு இது எதுவும் நடக்கவில்லை. பூருல் பூப்போட்ட தலைத்துணியைக் கட்டிக்கொண்டு குளிர்காலம் முழுவதும் வெண்ணெய் விற்றிருக்கிறாள். அவளிடம் வெண்ணெய் வாங்கியவர்களில் துய்ஷோனும் ஒருவர். எடை குறைகிறது என்று ஒருமுறை சண்டைகூடப் போட்டார்.

அவருக்கு அழ வேண்டும்போல இருந்தது. பக்கத்து வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அதனால் அழவில்லை. கீழே உட்கார்ந்து, இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்து அவர் சுற்ற ஆரம்பித்தார். அவள் பால் ஊற்றினாள்.

சுற்றிக்கொண்டே அவர் கேட்டார், "இந்த ஊர்ல யாருக்குத் தெரியும் இது?"

"எனக்கு. இப்ப உனக்கு."

"அப்ப ஒண்ணும் கெட்டுப் போகல."

"சாவுக்குத் தெரியாதா துய்ஷோன்? அதுக்குத்தான முதல்ல தெரியும்."

இந்த இடத்தில் அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடமாக மனப்பாடம். பெயராலும் ஒரு பிள்ளை பிழைத்ததில்லை, ஜன்னலாலும் பிழைத்ததில்லை, உன் கையில் முன்பும் ஒன்றும் இல்லை, இப்போதும் ஒன்றும் போய்விடவில்லை. வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"அது ரஷ்யாவுல நடந்தது. அங்க இருக்குற சாவு வேற. இங்க வர்றது வேற. மாவட்டத்துக்கு மாவட்டம் அதிகாரி மாறுறதில்லயா?"

பூருல் சிரித்துவிட்டாள். சிரித்தபோதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொய் பொய்னு ஊரெல்லாம் சொன்னியேடா."

"இப்பவும் பொய்தான்னு சொல்றேன்."

"பின்ன?"

"உண்மைய வெச்சு ரெண்டு தடவை பாத்துட்டேன் பூருல். இனிமே என்கிட்ட இருப்பு இல்ல."

பால் தீர்ந்துவிட்டது. இயந்திரம் வெறுமனே சுழன்று, இரைச்சல் குறைந்து, நின்றது.

"வாசல்ல நின்னு ஒண்ணு சொல்லணும்," என்றாள் அவள். "அதச் சொல்ல முடியுமான்னு தெரியல எனக்கு."

"எனக்குந்தான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு."

"உனக்கென்ன, வாய் பழகின வாய்." ஆடைக் கிண்ணத்தை மூடினாள். "ஜன்னலைக் கழட்டி வை. வெள்ளிக்கிழமை வரேன்."

வெள்ளிக்கிழமை காலை துய்ஷோன் திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஜன்னலின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நன்றாக முறுக்கி வைத்திருந்தார். சில அசையவே இல்லை. எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடி திருகினார். மக்சாத் உதவிக்கு வந்து கண்ணாடிக் கதவைத் தாங்கிப் பிடித்தான். இதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. சத்தார் கடையைப் பூட்டிவிட்டே வந்துவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. துய்ஷோனுக்கு அவர்கள் சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பூருல் பூப்போட்ட தலைத்துணியில் வந்தாள். ஜன்னலுக்குக் கீழே நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். உள்ளேயிருந்து அய்பரா, கந்தல் துணியில் சுற்றிய பிள்ளையை நீட்டினாள். ஒரு கணம் இரண்டு பேரின் கைகளும் பிள்ளையின்மேல் இருந்தன. பிறகு அய்பரா விட்டாள். பிறந்த நாளிலிருந்து அவள் வெளியார் கையில் விட்டது அதுதான் முதல் தடவை.

பூருல் வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். துய்ஷோன் படியில் நின்றார். அவர் கையில் தவிட்டுத் தட்டு.

"ஏம்ப்பா, ஒரு புள்ள விலைக்கு இருக்கு. வாங்குறியா?" என்றாள் அவள், தெருவுக்கெல்லாம் கேட்கிற தன் வெண்ணெய்க் குரலில்.

அவர் கனைத்துக்கொண்டார்.

"எங்க, காட்டு பாப்போம். இதையா? மூக்கு சப்பை. காது ஒண்ணு பெருசு. இத எவன் வாங்குவான்?"

"மூக்கைப் பாத்து வாங்குறவன் குதிரைச் சந்தைக்குப் போகணும். இது புள்ள."

"தலை வேற சோளக்கதிர் மாதிரி. தின்னுற தீனிக்கு வேலை செய்யாது போலிருக்கே."

"உன் வீட்டுல எவன்தான் வேலை செய்யுறான்? நீ பேசிப் பேசியே சாப்பிடல?"

வேலியோரம் யாரோ மூக்கால் சிரித்தார்கள். வழக்கம் இதுதான். கேள்வி அடுத்து வர வேண்டும். கேட்க வேண்டியவர் அவர்.

"இது எங்க வீட்டுப் புள்ள இல்லியே," என்றார் துய்ஷோன். சொன்னதும் இரும்பும் தங்கமும் மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது அவருக்கு. "யாரு புள்ள?"

"என் புள்ள."

"உன் வீட்டுப் புள்ள தங்குமா?"

பூருல் பிள்ளையைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குமேல், வாசல்படிக்கு உள்ளே வந்து நிற்கும் அய்பராவைப் பார்த்தாள்.

"என் வீட்டுல பத்து," என்றாள். குரல் ஒரு மயிரிழைகூட ஆடவில்லை. "பத்தும் இருக்கு. ஒண்ணும் போனதில்ல."

ஊர் முழுவதும் அதைக் கேட்டது. துர்சுன்களைப் பெற்ற தாய்மார் வேலியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்கள். துய்ஷோன் தவிட்டுத் தட்டை நீட்டினார். அவள் பிள்ளையைக் கொடுத்தாள். பிள்ளை கொட்டாவி விட்டது.

அய்பரா சுவரில் சரிந்து உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி அங்கேயே தூங்கிப் போனாள். அனார் ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள்.

பெயரைப் பிள்ளையின் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். துய்ஷோன் உள்ளே போய், சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, யாருக்கும் கேட்காத குரலில் அதைச் சொன்னார். முதல் இரண்டு முறை உதடு மட்டும்தான் அசைந்தது. அதனால் மறுபடி ஆரம்பித்தார்.

பூருல் கிளம்பியபோது அவர் மருத்துவப் பையைத் திறந்து, நெஞ்சுக்குழாய்க்கு அடியிலிருந்து மடித்த தலைத்துணியை எடுத்துக் கொடுத்தார். வெள்ளைப் பட்டு. ஊருக்கு எதிரில்தான் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு, துணியின் கனம் சரியில்லையே என்பதுபோல விரலால் நெருடிப் பார்த்தாள். மடிப்பின் ஓரத்தில், உள்ளே இன்னொரு துணியின் கறுப்பு தெரிந்தது. அவள் அதை உடனே உள்ளே தள்ளி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"வெண்ணெய்க்கு வா," என்றாள். "எடை சரியா போடுறேன்."

கூட்டம் கலைந்தது. சத்தார் கடையைத் திறக்கப் போகும்போது, அடுத்த மாதம் தன் தங்கை மகளுக்கு நாள், அவளை இங்கே கூட்டி வரட்டுமா, ஜன்னல் நல்ல உயரமாக இருக்கிறது என்று கேட்டான். துய்ஷோன் அவனைத் திட்டவில்லை.

பிறகு மகனும் அவருமாக ஜன்னலை எடுத்து மாட்டினார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று முடுக்கிவிட்டு, துய்ஷோன் திருப்புளியைத் துடைத்துப் பையில் வைத்தார்.

"அப்பா, திருகாணி இன்னும் கெடக்கே," என்றான் மக்சாத்.

"இருக்கட்டும்," என்றார்.